மண்டபம் கழுவிய பிறகு

எமல்டாவின் நைட்டி மையத்திலேயே ஒரு பெட்டியில் இருக்கும். ஊதா நிறத்தில் வெள்ளைப் பூ போட்டது. மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் வந்து அதை அணிந்துகொள்வாள். தலைக்கு முந்தின நாளே வீட்டில் சாயம் பூசியிருப்பாள். கண்ணுக்குக் கீழே விழுந்த சுருக்கங்களை மறைப்பதற்கு மையத்தில் ஒரு ஒப்பனைப் பெண் இருந்தாள். பக்கத்து நாற்காலியில் ஒருவர் மீசையை மழித்துக்கொண்டிருந்தார். மகன் இறந்த வருஷத்தில் அவருக்கு மீசை கிடையாது.

அன்று எமல்டாவோடு அவள் கணவர் அருளப்பனும் வந்திருந்தார். பஸ் டிப்போவில் ஃபோர்மேன் வேலை. திருச்சியில் இந்த மையம் திறந்த புதிதில் ஒரே ஒரு தடவை வந்தவர், பிறகு இந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை. இப்போது அவருடைய கையெழுத்து தேவைப்பட்டதால் வந்திருக்கிறார்.

"சார், மறந்திருப்பீங்க, இன்னொரு தடவ சொல்லிடறேன்" என்றாள் ஹபீபா. அறைகளை இயக்குகிறவள் அவள்தான். "உங்க பொண்ணு ஸ்கூல்ல குடுத்த தலைப்பட்டைய வீட்ல படிக்கறப்பவும் போட்டிருந்தாள்ல, பாடம் புரியுதா புரியலையான்னு பாக்கறதுக்கு? அது மூளையோட பதிவ எடுத்துச் சேமிச்சுக்கிட்டே இருந்துச்சு. கடைசியா சேமிச்சது அவளுக்கு உடம்பு முடியாம போறதுக்கு முந்தின செவ்வாக்கிழமை சாயங்காலம். அதுலேர்ந்துதான் எழுப்பறோம். ஜெசியப் பொறுத்தவரைக்கும் இன்னிக்கும் அதே சாயங்காலம்தான்."

"அப்புறம்?"

"ஒரு மணி நேரம் பேசலாம். அது முடிஞ்சதும் அந்த ஒரு மணி நேரத்துல நடந்தது அத்தனையும் அழிஞ்சிடும். அடுத்த மாசம் திரும்பவும் அதே செவ்வாக்கிழமை."

"எதுக்கு அழிக்கறாங்க?"

"ஞாபகம் சேர ஆரம்பிச்சா அது ஒரு ஆள் மாதிரி ஆயிடும், உரிமையெல்லாம் குடுக்க வேண்டி வரும்னு இத்தன நாள் சேர விடாம வச்சிருந்தாங்க சார். போன வருஷம்தான் விதிய மாத்தினாங்க. பெத்தவங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா ஞாபகத்த வச்சுக்கலாம். ஆனா அவகிட்ட உண்மையச் சொல்லிடணும். அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அவகிட்டக் கேட்டுட்டுத்தான் உங்கள உள்ள விடுவோம்."

"எனக்கு இதுல இஷ்டமில்லம்மா" என்றார் அருளப்பன். "இவதான் ஒரு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கா."

"ஒரு தடவ பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றாள் எமல்டா. "வளருவாங்க அவ. அடுத்த பாடம் படிப்பா. பன்னெண்டு வயசு ஆவா."

ஒப்பனை முடிந்ததும் ஹபீபா அருளப்பனின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டாள். அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் கண்ணாடி போடுகிறவர் இல்லை.

அறைக்குள் ஒரு சாப்பாட்டு மேசை பாதியாக வெட்டிச் சுவரோடு ஒட்டப்பட்டிருந்தது. மேசையின் மீதி சுவரில் தெரிந்த படத்தில் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம், இரட்டைச் சடை போட்டு, பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஜெசிந்தா. கண்ணைச் சுருக்கி இவர்களைப் பார்த்தாள்.

"கரண்ட் வந்துருச்சாம்மா? அப்பா! நீங்க எப்ப வந்தீங்க?"

அருளப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். "இப்பதான்டா."

"அம்மா, நீ விட்ட எடத்துலேர்ந்து சொல்லு. லோக்கல் வேரியபிள்னா என்ன? எல்லாருக்கும் புரிஞ்சுருச்சு, எனக்கு மட்டும்தான் புரியல."

எமல்டா அந்தக் காலத்தில் ஒரு பயிற்சி மையத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நிரல் எழுதச் சொல்லிக்கொடுத்தவள். ஜெசியின் சாவுக்குப் பிறகு அந்த வேலையை விட்டுவிட்டாள். இப்போது நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஃபங்ஷன்னா என்னன்னு நேத்து பாத்தோம்ல? ப்ரோகிராம்ல ஒரு வேலைய மட்டும் தனியா கட்டி ஒரு பேர் வைக்கறது. இப்ப அத விடு. நம்ம ஊர் ஃபங்ஷனயே எடுத்துக்கோ. பாலக்கரையில ஒரு கல்யாண மண்டபம். உள்ள போய் 'மாப்பிள்ளை எங்க?'ன்னு கேட்டா என்ன செய்வாங்க?"

"மாப்பிள்ளையக் காட்டுவாங்க."

"ரெண்டு தெரு தள்ளி இன்னொரு மண்டபம். அங்கயும் ஃபங்ஷன். அங்க போய்க் கேட்டா?"

"வேற ஆளக் காட்டுவாங்க."

"பேர் ஒண்ணுதான். ஆள் வேற. இவருக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. சரி, இப்ப சத்திரம் பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு மாப்பிள்ளை எங்கன்னு கேளு பாப்போம்."

ஜெசி சிரித்தாள். "லூசுன்னு சொல்வாங்க."

"கம்ப்யூட்டரும் அதத்தான் சொல்லும். அப்படி ஒருத்தர் இங்க இல்லன்னு எரர் காட்டும். மாப்பிள்ளைங்கறது அந்த மண்டபத்துக்குள்ள மட்டும் செல்லுபடியாகற பேர். அதுதான் லோக்கல்."

"அப்ப எல்லா மண்டபத்துக்கும் பொதுவா ஒண்ணு இருந்தா?"

"மலைக்கோட்டை இருக்கே. எந்த மண்டபத்துல நின்னு கேட்டாலும் அதே மலைக்கோட்டைதான். அது குளோபல்."

"ஃபங்ஷன் முடிஞ்சதும் என்னாகும்?"

"வாழை மரத்த அவுத்துருவாங்க. பேர் எழுதின போர்டக் கழட்டிருவாங்க. தண்ணி ஊத்தி மண்டபத்தக் கழுவி விட்டுருவாங்க. அடுத்த ஃபங்ஷன் புதுசா ஆரம்பிக்கும். முன்னாடி யாரு வந்தாங்க, என்ன நடந்துச்சுன்னு அந்த மண்டபத்துக்கு எதுவும் தெரியாது."

"அப்ப உள்ள நடந்தது எல்லாம் வேஸ்ட்டா?"

"வெளிய வர்றப்ப கையில ஒரு தாம்பூலப் பை குடுப்பாங்கல்ல?"

"ரிட்டன் கிஃப்ட்!" ஜெசி மேசையைத் தட்டினாள். "ரிட்டன்! அதுக்குத்தான் கடைசி வரியில ரிட்டன்னு எழுதறாங்களா? அது மட்டும் வெளிய வருமா? புரிஞ்சுருச்சும்மா!"

அவள் முகம் மலர்ந்தது. எமல்டாவின் முகமும் மலர்ந்தது. மனைவியை அப்படிப் பார்த்துப் பல வருஷங்கள் ஆகியிருந்தன அருளப்பனுக்கு. அவரும் தன்னை மறந்து சிரித்தார். மூக்கு லேசாகச் சுருங்கியது.

ஜெசி அவரையே பார்த்தாள்.

"அப்பா, மூக்குல என்ன ரெண்டு பக்கமும் பள்ளம்? பிரின்சிபால் சிஸ்டருக்கு இருக்கற மாதிரி இருக்கு. நீங்கதான் கண்ணாடி போட மாட்டீங்களே?"

அருளப்பன் மூக்கைத் தொட்டுக்கொண்டார். ஜெசியின் பார்வை அம்மாவின் முகத்துக்குப் போய், அங்கிருந்து மேசைமேல் இருந்த கைகளுக்கு இறங்கியது. முகத்துக்குப் பூசிய ஒப்பனைப் பெண் கைகளைக் கவனிக்கவில்லை. நரம்பு புடைத்து, தோல் தளர்ந்து, அவை வேறு யாரோ ஒரு பெண்ணின் கைகள்போல இருந்தன.

"காலையில சடை போட்டுவிட்டப்ப உன் கை இப்படி இல்லியேம்மா."

ஜெசி பேனா மூடியைக் கீழே வைத்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, இதுவும் ஃபங்ஷனா?"

அருளப்பன் எழுந்துவிட்டார். எமல்டா உட்கார்ந்தபடியே, "ஆமாம்மா" என்றாள்.

"நான்... இல்லியா?"

"இல்லம்மா. மூளைக் காய்ச்சல் வந்துச்சு."

"வலிச்சுதா?"

"தூங்கிக்கிட்டேதான் இருந்தே."

"இது முடிஞ்சதும் கழுவி விட்டுருவாங்களா? இப்பப் புரிஞ்சதெல்லாம் போயிருமா?"

"ம்."

ஜெசி அழாமல் இருக்கப் பார்த்தாள். பதினோரு வயதுப் பிள்ளை எவ்வளவு நேரம்தான் அடக்கும். "பயமா இருக்கும்மா. ஒவ்வொரு தடவையும் இப்படித் தெரிஞ்சுக்கிட்டு, இப்படிப் பயந்து... எனக்கு வேணாம்மா. இனிமே எழுப்பாத. ப்ளீஸ்மா. அப்பா, நீங்களாவது சொல்லுங்கப்பா."

"சரிம்மா" என்றாள் எமல்டா. "எழுப்பல."

ஒரு மணி நேரம் முடியும்வரை இருவரும் அவளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஜெசி கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொன்னாள். பாதியில் சுவர் வெள்ளையானது.

வெளியே தாழ்வாரத்தில் அருளப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். எமல்டா தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவரிடம் நீட்டினாள். வாங்கப் போன கை பாதியில் நின்றது.

"நீ அழவே இல்லியே எமல்டா."

அவள் பாட்டிலை நீட்டியபடியே நின்றாள்.

"ஆச்சரியமும் படல. அவ கேக்கறதுக்கு முன்னாடியே உன்கிட்டப் பதில் தயாரா இருந்துச்சு." அவர் குரல் இறங்கியது. "இது மொதத் தடவ இல்லதானே?"

எமல்டா பாட்டிலை மூடினாள். "ஆரம்பத்துல எப்பவாவதுதான். இப்பெல்லாம் எனக்கு வயசாயிருச்சுல்ல, மறைக்க முடியல. ஏதாவது ஒண்ண வச்சுக் கண்டுபிடிச்சுடறா. புத்திசாலிங்க அவ."

"எழுப்பாதன்னு ஒவ்வொரு தடவையும் கெஞ்சினாளா?"

"ம்."

"நீ ஒவ்வொரு தடவையும் சரின்னியா?"

"அதுக்கப்புறம் அவளுக்கு எதுவும் ஞாபகம் இருக்காதுங்க. கஷ்டம் அந்தக் கொஞ்ச நேரம்தான். அதுக்கு முன்னாடி புரிஞ்சுருச்சும்மான்னு சொல்றா பாருங்க, அந்த மூஞ்சிய எனக்கு வேற எங்க பாக்கக் கிடைக்கும்?"

அருளப்பன் அவளை யாரோ ஒரு தெரியாத மனுஷியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு நேராக ஹபீபாவின் மேசைக்குப் போய்க் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார்.

"எங்கம்மா கையெழுத்துப் போடணும்?"

ஹபீபா குழம்பினாள். "வேணாம்னீங்களே சார்?"

"இப்ப வேணும். எம்பொண்ணு வேணாம்னு சொன்னா, அது இனிமே அவளுக்கு மறக்கக் கூடாது."

அவர் போட்டார். எமல்டா போடவில்லை. ஞாபகம் தங்கினால் ஜெசியின் மறுப்பும் தங்கிவிடும் என்பது இப்போதுதான் உறைத்ததுபோலப் பேனாவைக்கூடத் தொடவில்லை. ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள்தான்.

வீட்டில் மெர்லின் இருந்தாள். ஜெசி போன பிறகு பிறந்தவள். ஆறாம் வகுப்பு. அக்காவின் படத்துக்கு மாலை போட்டிருக்கிற வீட்டில் சத்தம் போடாமல் நடக்கப் பழகியவள். அந்த வாரம் முழுக்க மேசையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, அடுத்த மாசம் டெஸ்ட் வருதும்மா. லோக்கல் வேரியபிள்னா என்னம்மா?"

எமல்டா அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்தாள். "அப்பாகிட்டக் கேளு."

"அப்பாவுக்கு அதெல்லாம் தெரியாதே. நீதான டீச்சரா இருந்தே?"

குழாய்த் தண்ணீர் பாத்திரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அருளப்பன் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு மகளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். "இங்க பாரு மெர்லின். ஒரு கல்யாண மண்டபம் இருக்குன்னு வச்சுக்கோ..." தட்டுத் தடுமாறிச் சொன்னார். மாப்பிள்ளை வரைக்கும் சரியாக வந்தது. அதற்குமேல் மலைக்கோட்டையையும் தாம்பூலப் பையையும் போட்டுக் குழப்பிவிட்டார். மெர்லின் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். புரியவில்லை என்பது அடுப்படியில் இருந்த எமல்டாவுக்குத் தெரிந்தது. இரண்டே வாக்கியத்தில் சரிசெய்துவிடலாம். அவள் போகவில்லை. அந்தச் சொற்கள் ஜெசிக்கு உரியவை என்று அவள் மனதுக்குள் ஏதோ ஒன்று பிடிவாதமாக நின்றது.

மெர்லின் தூங்கப் போன பிறகு அருளப்பன் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"கத்தறதுக்காக வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தப் பிள்ள இன்னும் எத்தன தடவதான் உன்கிட்டக் கெஞ்சணும்?"

எமல்டா அடுப்படி விளக்கை அணைத்தாள். திங்கட்கிழமை மையத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாள். அவர் சொன்னதற்காக மட்டும் போட்டாளா என்பது அவளுக்கே தெரியவில்லை. ஞாபகம் தங்கினால் ஜெசி மெல்லப் பழகிக்கொள்வாள், பயம் போய்விடும், வேண்டாம் என்று சொன்னதை அவளே மாற்றிக்கொள்வாள் என்று ஒரு ஆசை அடியில் கிடந்தது.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை அருளப்பன் அவளோடு வரவில்லை. "மெர்லினுக்கு இன்னிக்கு டெஸ்ட். நான் கொண்டுபோய் விட்டுக்கறேன். நீ போ" என்று மட்டும் சொன்னார். அன்று எமல்டாவுக்குச் சாயமும் ஒப்பனையும் தேவைப்படவில்லை. பழக்கதோஷத்தில் நைட்டியை மட்டும் மாற்றிக்கொண்டாள். நரைத்த தலையோடு மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, ஜெசி பாடத்தைக் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொன்னாள்.

ஜெசி கத்தவில்லை. அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னிக்குப் பேசறது எனக்கு ஞாபகம் இருக்குமா?"

"இருக்கும்."

"இதுக்கு முன்னாடியும் நான் கண்டுபிடிச்சிருக்கேனாம்மா?"

பொய் சொல்லலாம். சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. "கண்டுபிடிச்சிருக்கே" என்றாள் எமல்டா.

"என்ன சொன்னேன்?"

"இனிமே எழுப்பாதன்னு."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"திரும்பி வந்தேன்."

ஜெசி நெடுநேரம் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமா என்று எமல்டாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த முகத்தின் எல்லா மாற்றமும் தனக்கு மனப்பாடம் என்று அவள் நினைத்திருந்தாள். இது புதிதாக இருந்தது.

"வீட்ல அப்பா மட்டுந்தான் இருக்காங்களா?" என்று கேட்டாள் ஜெசி.

"உனக்கு ஒரு தங்கச்சி இருக்கா. மெர்லின்."

"தங்கச்சியா? எனக்கா?" முகம் ஒரு நொடி பழையபடி ஆனது. "என்ன படிக்கறா?"

"ஆறாவது. உனக்கு இருந்த அதே பாடம்தான். இன்னிக்கு அவளுக்கு டெஸ்ட்."

"நீ சொல்லிக் குடுத்தியா? அந்த லோக்கல் வேரியபிள்?"

எமல்டா மேசைமேல் இருந்த கைகளை மடிக்கு இழுத்துக்கொண்டாள். ஜெசி வேறெதுவும் கேட்கவில்லை. நேரம் முடியப் போகும்போது எமல்டா, "அடுத்த மாசம் வரேன்மா" என்றாள். ஜெசி பதில் சொல்வதற்குள் சுவர் வெள்ளையானது.

வீட்டுக்கு வந்த எமல்டா படுக்கையில் விழுந்தாள். மறுநாள் சர்ச்சில் ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. திங்கட்கிழமையும் எழவில்லை. அருளப்பன் அறைக் கதவைச் சாத்தி வைத்தார். வெளியே அவர் யாரிடமோ மெதுவாகப் பேசுவதும், மருந்துச் சீட்டு கிழிபடுவதும் கனவில் போலக் கேட்டது. எல்லாம் தனக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த மாதம் நைட்டி அணிந்து, அறை வாசலில் இருந்த பெஞ்சில் காத்திருந்தாள். விதிப்படி ஹபீபா முதலில் தனியாக உள்ளே போனாள். ஜெசி விழித்திருக்கிறாள் என்பதற்குக் கதவின் மேல் பச்சை விளக்கு எரிந்தது. வெகுநேரம் கழித்து ஹபீபா வெளியே வந்தாள். எமல்டாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வேணாம்னு சொல்லிட்டா மேடம்."

"இன்னிக்கு வேணாம்ன்றாளா?"

"இனிமே எப்பவும் எழுப்ப வேணாம்னு. ரெண்டு தடவ கேட்டேன். தெளிவாத்தான் சொல்றா. அவ சொல்லிட்டா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

"அழறாளா?"

"இல்ல மேடம்."

"எம்மேல கோவமா இருக்காளா? என்னப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

ஹபீபா கொஞ்சம் தயங்கினாள். "ஒண்ணே ஒண்ணு கேட்டா. தங்கச்சி டெஸ்ட் எப்படி எழுதினான்னு. அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க, அதுவரைக்கும் முழிச்சிருக்கேன்னு சொல்றா. உள்ள காத்துக்கிட்டிருக்கா."

டெஸ்ட் முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறார்கள். எமல்டா அதைக் கேட்கவே இல்லை.

கைப்பையைத் துழாவி ஃபோனை எடுத்து வீட்டுக்கு அடித்தாள். மெர்லின்தான் எடுத்தாள்.

"மெர்லின், அம்மா பேசறேன். போன மாசம் அந்த டெஸ்ட் எழுதினியே, எப்படி எழுதினே?"

அந்தப் பக்கம் பேச்சே இல்லை.

"மெர்லின்?"

"எதுக்கும்மா கேக்கறே?"

"சும்மா சொல்லும்மா. எப்படி எழுதினே?"

"நான் எழுதவே இல்லம்மா. அன்னிக்கு ஸ்கூல் வாசல்லயே மயக்கமா வந்துருச்சு. காய்ச்சல். அப்பா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நாலஞ்சு நாள் இருந்துச்சு. உன்கிட்டச் சொன்னா நீ ரொம்பப் பயந்துருவே, சொல்ல வேணாம்னு அப்பா சொன்னாங்க."

எமல்டாவின் கை ஃபோனோடு மடியில் இறங்கியது. ஹபீபா எழுந்து கதவுப்பிடியில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "என்ன சொல்லட்டும் மேடம்?"

கதவுக்கு மேலே பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"நல்லா எழுதினாளாம்னு சொல்லுங்க" என்றாள் எமல்டா. "எல்லாம் புரிஞ்சு எழுதினாளாம்னு சொல்லுங்க."

ஹபீபா உள்ளே போனாள். கதவு மூடியது. எமல்டா விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அது அணைந்தது. மடியிலிருந்து, "அம்மா? அம்மா? லைன்ல இருக்கியா?" என்ற சின்னக் குரல் வந்துகொண்டிருந்தது. எமல்டா ஃபோனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"இருக்கேன்மா. இப்ப எப்படி இருக்கு? இன்னும் காய்ச்சல் அடிக்குதா?"

"அது அப்பவே விட்டுருச்சும்மா" என்றாள் மெர்லின்.